கலியாணமாகி எட்டு மாதம், எனக்கு ஒன்றுமே வருவதில்லை: ஒரு தங்கச்சியின் கேள்விக்கு விரிவான பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா: "கலியாணமாகி எட்டு மாதம். அம்மா வீட்டில்தான் இருக்கிறோம். அவர் நல்ல மனுஷன், குடி, சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே வருவதில்லை. சில நாள் எரிவு, சில நாள் நோவு. 'உனக்கு ஏதும் குறையோ, டொக்டரிட்டக் காட்டுவமோ' என்று அவர் கேட்கத் தொடங்கிவிட்டார். ஒரு பொம்பிளைக்கு உண்மையில் என்னதான் நடக்க வேணும்? இதையெல்லாம் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் உறுப்பில் குறை இருப்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. நேரம் போதவில்லை, தொடவேண்டிய இடம் தொடப்படவில்லை, பக்கத்து அறையில் அம்மா இருக்கிறா. எனக்குத் தெரிவது இந்த மூன்றும்தான். எரிவையும் நோவையும் மட்டும் தனியாகப் பார்க்க வேணும், அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டீர்களே, யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று, அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதும் விளங்கும்.

முதலில் உறுப்பு. வெளியே தெரியும் சிறிய இதழ்கள் இரண்டும் மேலே சந்திக்கும் இடத்தில், சிறுநீர்த் துளைக்குச் சற்று மேலே, ஒரு தோல் மூடியின் கீழ் பயறளவு மொட்டு ஒன்று இருக்கும். கிளிட்டோரிஸ் என்பது இதைத்தான். பெண்குறிக் காம்பு, யோனிலிங்கம் என்றெல்லாம் தமிழ் நூல்களில் எழுதுவார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கண்ணியமான ஒரு சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லாதது பெரிய நட்டம். கையை, காலை, காதைப் பெயர் சொல்லிப் பழக்குகிறோம், இதை மட்டும் பெயரில்லாமல் விட்டுவிடுகிறோம். பெயரில்லாத இடத்தில் நோ வந்தாலும் சொல்லத் தெரியாது, சுகம் வந்தாலும் சொல்லத் தெரியாது.

அந்த மொட்டு முழு உறுப்பின் நுனி மட்டுமே. மீதியெல்லாம் உள்ளே இருக்கிறது. சின்னப் பொடியன்மார் குருவி அடிக்க வைத்திருக்கும் கவட்டைத் தடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். மேலே 2 முதல் 4 சென்டிமீற்றர் நீளமான தண்டு, அது முழங்கால் மடிவதைப்போல மடிந்து நுனியில் மொட்டாக முடிகிறது. கீழே இரண்டு கால்கள் பிரிந்து, இடுப்பெலும்பின் இரு ஓரமாக ஒவ்வொன்றும் 5 முதல் 9 சென்டிமீற்றர் வரை ஓடுகின்றன. இவற்றோடு சேர்ந்து இரண்டு பஞ்சுபோன்ற குமிழ்கள், 3 முதல் 7 சென்டிமீற்றர், யோனி வாசலை இரு பக்கமும் அணைத்துக்கொண்டிருக்கின்றன. கிளர்ச்சி வரும்போது இவை எல்லாவற்றிலும் இரத்தம் நிறைந்து பருக்கும். ஆணுறுப்பும் இதுவும் கருவில் ஒரே முளையிலிருந்து வளர்பவை. முதல் எட்டு வாரமளவும் கருவைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல ஏலாது.

யோனிக்குழாயோ பிள்ளை வெளியே வரும் பாதை. அதன் வாசல் பக்கத்து மூன்றிலொரு பங்கில் உணர்வு ஓரளவு இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். ஆகவே உள்ளே போய் வருவதால் மட்டும் உச்சம் வந்தே ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பது, ஆணுக்கு அவருடைய உறுப்பைத் தொடாமல் பக்கத்துத் தொடையை மட்டும் தடவிவிட்டு "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்பதற்குக் கிட்டவான விஷயம். அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், உடலுறவு மட்டும் போதும் என்றவர்கள் 18 வீதமளவில்தான். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கிளிட்டோரிஸைத் தொடாமல் உச்சம் வராது என்றார்கள். இன்னொரு மூன்றிலொரு பங்கினர் அது கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அவ்வளவு பேரும் "குறை" உள்ளவர்களா?

இனி, உடம்புக்குள் நடப்பது. இதைப் பெரிய அளவில் முதன்முதலில் ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தவர்கள் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வேலை செய்த வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியரும் வேர்ஜீனியா ஜோன்சனும். 382 பெண்களையும் 312 ஆண்களையும் வைத்துச் செய்த அவதானிப்புகளை 1966இல் வெளியிட்டார்கள். கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தணிவு என்று நான்கு கட்டமாகப் பிரித்தது அவர்கள்தான்.

அவர்கள் கண்ட முக்கியமான விஷயம் ஈரத்தைப் பற்றியது. அதுவரை யோனியின் ஈரம் ஏதோ சுரப்பியிலிருந்து அல்லது கருப்பை வாயிலிருந்து வருகிறது என்றுதான் வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள். உள்ளே பார்த்தபோது சுவரே ஈரம் விட்டது. புதுமண் பானையில் தண்ணீர் நிரப்பி வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்பக்கத்தில் முத்து முத்தாகத் துளி பூக்கும், பிறகு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பானையே நனைந்திருக்கும் அல்லவா? அதேதான். சுவருக்குப் பின்னால் உள்ள நாளங்களில் இரத்தம் நிறைந்து அழுத்தம் கூட, அதிலிருந்து தெளிந்த நீர் சுவரினூடே கசிகிறது. பொருத்தமான தூண்டல் கிடைத்தால் 10 முதல் 30 விநாடிக்குள் தொடங்கிவிடும். ஆனால் தொடங்குவது வேறு, போதுமானளவு வருவது வேறு. ஈரம் தட்டுப்பட்டவுடன் "சரி, தயார்" என்று அவசரப்படுவதுதான் பல வீடுகளில் எரிவுக்குக் காரணம். அந்த நேரத்தில் குழாய் இன்னும் நீளவில்லை. சாதாரண நிலையில் 7, 8 சென்டிமீற்றர் இருப்பது, கிளர்ச்சி முற்றும்போது 10 சென்டிமீற்றரளவுக்கு நீண்டு, உட்பகுதி கூடாரம்போல விரிந்து, கருப்பையும் மேலே தூக்கிக்கொள்ளும். அதற்குமுன் ஆழமாகப் போனால் கருப்பை வாயில் இடிக்கும். "அடிவயிற்றில் குத்துது" என்று பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொன்றையும் கணவர்மார் தெரிந்துவைத்திருக்க வேணும். உச்சத்துக்குச் சற்று முன்னர் அந்த மொட்டு தோல் மூடிக்குள் இழுபட்டு மறைந்துவிடும். "காணவில்லை, ஆசை போய்விட்டது" என்று நினைத்து நிறுத்துகிறவர்களும் உண்டு, அழுத்தி அமர்த்துகிறவர்களும் உண்டு. இரண்டும் பிழை. அது நெருங்கிவிட்டதற்கான அடையாளம். எந்தத் தொடுகை நன்றாக இருந்ததோ அதே வேகத்தில், அதே அளவில் தொடர வேணும். உச்சம் வரும்போது யோனி வாசலைச் சுற்றியுள்ள தசைகள் கிட்டத்தட்ட 0.8 விநாடிக்கு ஒரு தடவை சுருங்கி விரியும். சிலருக்கு மூன்று நான்கு தடவை, சிலருக்குப் பத்துக்கு மேல். சத்தம் போட வேண்டும், நடுங்க வேண்டும் என்றெல்லாம் ஒரு கட்டாயமும் இல்லை. படங்களில் காட்டுவது நடிப்பு.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஐந்து நாடுகளில் 500 தம்பதிகள் மணிக்கூடு வைத்து அளந்த ஆய்வு 2005இல் வந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து ஆணுக்கு வெளியேறும்வரை நடுத்தர அளவு 5.4 நிமிடம். நிலையான உறவில் இருக்கும் பெண்களிடம் உச்சத்துக்கு எடுக்கும் நேரத்தைக் கேட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி 13 நிமிடத்துக்கு மேல். இதை வைத்துப் பெண்ணுடம்பு மந்தம் என்று சொல்லிவிடாதீர்கள். அல்ஃபிரட் கின்ஸி கிட்டத்தட்ட 5,900 பெண்களை நேரில் கண்டு கேட்டு 1953இல் வெளியிட்டவற்றில் ஒன்று, தனித்துத் தம்மைத் தாமே தொடும்போது பெண்கள் பெரும்பாலும் நான்கு நிமிடத்துக்குள் உச்சம் காண்கிறார்கள் என்பது. ஆணுக்கும் அவ்வளவுதான். அதே உடம்புக்கு ஓரிடத்தில் நான்கு நிமிடம், இன்னோரிடத்தில் பதின்மூன்று நிமிடம் எடுக்கிறதென்றால் செய்கிற முறையைத்தான் மாற்ற வேணும்.

இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் இவ்வளவு காலம் தெரியாமல் போனது? இத்தாலிய உடற்கூற்றாளர் றியால்டோ கொலம்போ 1559இல் தானே இந்த உறுப்பைக் கண்டுபிடித்ததாக எழுதினார். அவருக்குப் பின் வந்த ஃபலோப்பியோ இல்லை, நான்தான் என்றார். அந்தக் காலத்தின் பேராசான் வெசாலியஸோ ஆரோக்கியமான பெண்ணுக்கு அப்படியொன்று கிடையாது என்றே சாதித்தார். உலகத்தில் பாதிப்பேரின் உடம்பில் இருந்ததை இவர்கள் கண்டுபிடிக்கவும் மறுக்கவும் செய்தார்கள் என்பதே எவ்வளவு வேதனை. 1672இல் ஒல்லாந்தரான றெயினியர் டி கிராஃப் விரிவாக விவரித்தார். 1844இல் ஜேர்மனியரான கோபெல்ட் உள்ளே இருக்கும் கால்கள், குமிழ்கள், நரம்பு, நாளம் எல்லாவற்றையும் வரைந்தே காட்டினார். ஆனால் அந்தப் படங்கள் மருத்துவ மாணவர்களின் பாடப்புத்தகங்களில் நிலைக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் எண்ணம். இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க வைத்தியர் கேலன் தொடக்கம் ஐரோப்பிய மருத்துவம் பெண்ணுக்கும் வித்து உண்டு, இன்பம் கண்டால்தான் அது இறங்கும், அப்போதுதான் கரு தங்கும் என்று நம்பியது. கேட்க நல்லதுபோலத் தெரியும். ஆனால் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்ட நூல்கள் அதையே திருப்பிப் பிடித்தன: வல்லுறவுக்குட்பட்ட பெண் கர்ப்பமானால் அவள் விரும்பியிருக்கிறாள், ஆகவே குற்றமில்லை என்றன. பிற்பாடு இன்பமில்லாமலும் கரு தங்கும் என்பது உறுதியானபோது, பெண்ணின் இன்பத்தால் மருத்துவத்துக்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. வரைய வேண்டிய தேவையும் போயிற்று. 1860களில் லண்டனில் ஐசக் பேக்கர் பிறவுண் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் வலிப்பு, மனக்குழப்பம், ஹிஸ்டீரியா என்ற பெயர்களில் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டி எடுத்தார். 1867இல் லண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள். அதற்குள் எத்தனை பெண்கள்!

பிறகு வந்த சிக்மண்ட் ஃப்ராய்ட் கத்தி எடுக்கவில்லை, ஆனால் அவருடைய கருத்து இன்றைக்கும் நம் படுக்கையறைவரை வந்து நிற்கிறது. சிறுமிக்கு இன்பம் கிளிட்டோரிஸில் இருக்கும், முதிர்ந்த பெண்ணுக்கு அது யோனிக்கு இடம் மாறவேண்டும் என்று 1905இல் எழுதினார். அளவெடுத்துச் சொன்னதல்ல, ஊகம். அதை நம்பியவர்களில் நெப்போலியன் குடும்பத்து இளவரசி மாரி பொனபார்ட்டும் ஒருவர். உடலுறவில் தனக்கு உச்சம் வராததற்குக் காரணம் தேடி, 243 பெண்களின் அளவுகளைத் திரட்டி, மொட்டுக்கும் சிறுநீர்த் துளைக்கும் இடையிலுள்ள தூரம் கூடினால் உடலுறவில் உச்சம் அரிது என்று 1924இல் புனைபெயரில் வெளியிட்டார். நல்ல அவதானிப்பு, பின்னாளில் புள்ளிவிபர முறையில் மறுபடி பார்த்தவர்களும் அதில் உண்மை இருக்கிறது என்றார்கள். ஆனால் அவர் எடுத்த முடிவு தன் உறுப்பை வெட்டி இடம் மாற்றுவது. 1927இல் வியன்னாவில் செய்துகொண்டார். பலிக்கவில்லை. மறுபடியும் செய்துகொண்டார். ஒரு மனிதனின் ஊகத்துக்கு ஏற்ப ஒரு பெண் தன் உடம்பைத் திருத்த முயன்றதை நினைத்துப் பாருங்கள், தங்கச்சி. கத்தியை எடுக்காவிட்டாலும், "எனக்கு ஏதும் குறையோ" என்று கேட்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்த ஊகத்தின் பாரத்தைத்தான் சுமக்கிறாள்.

பிறகுதான் கின்ஸி, மாஸ்டர்ஸ், ஜோன்சன். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹெலன் ஓ'கொனல், சத்திரசிகிச்சையின்போது ஆண்களின் நரம்பைக் காப்பாற்றப் படம் இருக்கிறது, பெண்களுக்கு இல்லை என்பதைக் கண்டு, உடல்களை அறுத்துப் பார்த்து 1998இல் முழு அமைப்பையும் வெளியிட்டார். எம்.ஆர்.ஐ. படங்களோடு 2005இல் அதை விரித்தார். நான் மேலே தந்த சென்டிமீற்றர் கணக்குகள் அவருடையவை. நரம்பு இழைகளை எண்ணியது அதற்கும் பிந்தி, 2022இல்தான்: அமெரிக்காவின் ஒரேகனில் நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணியபோது சராசரி 10,000க்கு மேல். அதுவரை எல்லாரும் எழுதிய 8,000 என்ற எண் மாடுகளைப் பார்த்துச் சொன்னது. ஜி ஸ்பொட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950இல் கிராஃபென்பேர்க் எழுதியதை வைத்து 1981இல் வைத்த பெயர். அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தனி உறுப்பாக ஒன்றும் அகப்படவில்லை. யோனியின் முன்சுவருக்கு அப்பால் சிறுநீர்க்குழாயும் கிளிட்டோரிஸின் உட்பகுதியும் நெருங்கி இருப்பதால் சிலருக்கு அங்கே சுகம் இருக்கும், சிலருக்கு இராது. தேடிக் களைக்க வேண்டியதில்லை.

இது வெள்ளைக்காரர் பேச்சு, நமக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காமசூத்திரத்தில் பெண்ணின் இன்பம் ஆணினதைப் போன்றதா இல்லையா என்று ஆசிரியர்கள் எதிரெதிராக வாதிடும் ஒரு பகுதியே இருக்கிறது. 1111இல் காலமான இமாம் கஸ்ஸாலி, கணவன் தன் தேவை முடிந்தவுடன் எழும்பிவிடாமல் மனைவியின் தேவையும் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டும் என்று திருமண ஒழுக்கத்தில் எழுதியிருக்கிறார். சம்மாந்துறையிலும் காத்தான்குடியிலும் புது மாப்பிள்ளைமாருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் இது.

அடுத்தது ஆசை. ஆசை முதலில் வந்து, பிறகு உடம்பு கிளர்ந்து, பிறகு உச்சம் என்பதுதான் பழைய வரிசை. கனடாவின் றோஸ்மேரி பாசன் 2000இல் இதை மாற்றிச் சொன்னார்: நீண்டநாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முதலில் வராது. நெருக்கம் வேண்டும் என்று தொடங்குகிறார்கள், தொடுகை இதமாக இருந்தால் உடம்பு கிளர்கிறது, அதற்குப் பிறகுதான் ஆசை எழுகிறது. ஆகவே "எனக்கு நினைப்பே வருவதில்லை" என்பது நோயல்ல. இன்னொரு விளக்கம் கின்ஸி நிறுவனத்தில் ஜோன் பான்கிறொஃப்ட், எரிக் யான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தந்தது. மோட்டார் சைக்கிளைப்போல இதற்கும் அக்சிலேட்டரும் பிரேக்கும் தனித்தனியே உண்டு. பிரேக்கை அமர்த்திக்கொண்டு எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நகராது, இரைச்சல்தான் வரும்.

உங்கள் பிரேக் எங்கே என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம், தமிழருக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி. சீதன வீடு முடியும்வரை, அல்லது தங்கைமார் கரைசேரும்வரை, தாய் தகப்பனும் அதே வீட்டில் இருப்பார்கள். பெண்ணுக்கு இது பெரிய பாதுகாப்பு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டுக்குக் கீழே கூரைவரை எழும்பாத சுவர், கொழுக்கியில்லாத கதவு, அந்தப் பக்கம் அம்மாவின் இருமல். அந்த நேரம் உங்கள் காது கட்டிலில் இல்லை, சுவருக்கு அப்பால் இருக்கிறது. கதவுக்கு ஒரு கொழுக்கி, ஒரு ஃபான் சத்தம், கிறீச்சிடும் கட்டிலுக்குப் பதில் நிலத்தில் ஒரு மெத்தை, அம்மா கோயிலுக்குப் போகும் நேரம். இவை சின்ன விஷயங்கள் அல்ல, மருந்தைவிடப் பலன் தருபவை. பிள்ளை எப்போது என்ற கேள்வி, பகலெல்லாம் வேலை செய்த அலுப்பு, குளிக்காத உடம்பு, பகலில் நடந்த பேச்சு, எல்லாம் இதே பிரேக்தான்.

உடம்பின் ஈரமும் மனதின் விருப்பமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேணும். மெரடித் சிவர்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண்களில் உடம்பும் மனமும் பெருமளவு ஒத்துப்போயின, பெண்களில் குறைவாகவே ஒத்துப்போயின. மனம் நிறைய விருப்பம் இருந்தும் காய்ந்திருக்கலாம். விருப்பமே இல்லாமல், பயத்திலும்கூட, ஈரம் வரலாம். ஈரத்தைச் சம்மதம் என்று எடுப்பது அந்த 13ஆம் நூற்றாண்டுச் சட்டத்தின் அதே பிழை. ஆண்களின் நீலநிறக் குளிசையான வயாகராவைப் பெண்களில் சோதித்த கம்பனியே 2004இல் கைவிட்டது. ஆகவே உங்களவர் அதை வாங்கி வந்து தந்தால் விழுங்காதீர்கள்.

செய்யவேண்டியது இதுதான். மாஸ்டர்ஸும் ஜோன்சனும் 1970இல் தம்பதிகளுக்காக வகுத்த பயிற்சி இன்னும் பயன்படுகிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு உடலுறவே இல்லை என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். தடை என்று ஒன்று இருந்தால்தான் "அடுத்தது அதுதானே" என்ற பயம் போகும். முதல் மூன்று நான்கு தடவை, 20 முதல் 30 நிமிடம், ஒருவர் மாறி ஒருவர் மற்றவரின் தலை, முதுகு, கை, கால் என்று தொடுவது. மார்பும் பிறப்புறுப்பும் வேண்டாம். பிடிக்காததை மட்டும் வாயால் சொல்லுங்கள். அடுத்த மூன்று நான்கு தடவை அந்த இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இம்முறை அவர் கைமேல் உங்கள் கையை வைத்து, எங்கே, எவ்வளவு மெதுவாக என்று நீங்களே நடத்துங்கள். மொட்டின் மேல் நேரடியாகத் தொட்டால் பலருக்குக் கூசும், சிலருக்கு நோகும். தோல் மூடிக்கு மேலால் அல்லது பக்கவாட்டில், ஈரம் போதாவிட்டால் ஜெல் பூசிய விரலால் தொட வேணும். மூன்றாம் கட்டத்தில் நீங்கள் மேலே இருந்து, ஆழத்தையும் வேகத்தையும் நீங்களே வைத்துக்கொண்டு, முதலில் அசையாமல், பிறகு மெல்ல. அப்போதும் கை தன் வேலையை நிறுத்தக்கூடாது. இதில் பெரும்பாலும் பிழைப்பது ஓரிடத்தில்தான்: "வந்ததா, வந்ததா" என்று கேட்பது. சோதனை எழுதுகிற பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல அது. வராத உச்சத்தை வந்ததாக நடிக்கவும் வேண்டாம். நடித்தால் பலனில்லாத முறையையே அவர் சரியென்று படித்துக்கொள்வார்.

ஜெல் என்றால் பாமசியில் கிடைக்கும் நீர் சார்ந்த லூப்ரிகன்ட். அரைத் தேக்கரண்டியளவு எடுத்து வாசலிலும் அவருடைய உறுப்பிலும் பூசுங்கள், காய்ந்தால் மறுபடியும். தேங்காயெண்ணெய், வாசலின், பேபி ஒயில் எல்லாம் லேட்டெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடத்திலேயே பலவீனமாக்கும், கிழியும். பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் சாதாரண ஜெல்களும் எச்சிலும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடும், கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். உச்சம் வராவிட்டால் பிள்ளை தங்காது என்று யாராவது சொன்னால் அது கேலன் காலத்துக் கதை. உள்ளே சவர்க்காரம், டெட்டோல் போட்டுக் கழுவுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். யோனி தன் அமிலத்தன்மையை, பி.எச். 3.8 முதல் 4.5 வரை, நல்ல பக்டீரியாவைக்கொண்டு தானே காக்கிறது. கழுவினால் அது குழம்பி எரிவு வரும். வெளியே பச்சைத் தண்ணீர் போதும்.

இனி உங்கள் நோவு. ஒருமுறை காய்ந்த நிலையில் நொந்தால் அடுத்தமுறை உடம்பு தானாகவே இறுகும், இறுகினால் இன்னும் நோகும், நொந்தால் இன்னும் இறுகும். இது முற்றி விரலும் போகாத நிலைக்கு வந்தால் வஜினிஸ்மஸ் என்பார்கள். பிடிவாதமல்ல, தசை தன்பாட்டில் செய்வது. நன்றாகக் குணமாகும். நகம் வெட்டி, கை கழுவி, ஜெல் பூசி, முழங்காலை மடித்துச் சாய்ந்துகொண்டு, சலம் அடக்குவதுபோலத் தசையை ஐந்து விநாடி இறுக்கி விடுங்கள். விடும் மூச்சோடு சின்ன விரலின் முதல் கணுவரை மட்டும், அங்கேயே ஒரு நிமிடம், பிறகு வெளியே. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம். நோவில்லாமல் மூன்று நாள் போனால் அடுத்த கணு, பிறகு பெரிய விரல், பிறகு இரண்டு விரல், பிறகு அவருடைய விரல், கடைசியாகத்தான் உடலுறவு. நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கி ஒரு படியையும் தாண்டாதீர்கள், தாண்டினால் முதலிலிருந்து தொடங்க நேரும். ஆனால் வெள்ளைபடுதல் நாறினால், தயிர்போல வந்து கடித்தால், மாதவிலக்கு வயிற்றுவலி தாங்க முடியாமல் இருந்தால், உறவுக்குப் பின் இரத்தம் கண்டால் பயிற்சியை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். கிருமித்தொற்றும், கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸும் விரல் பயிற்சியால் போகாது.

முதலிரவு இரத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும். கன்னித்தோல் முழுதாக மூடிய திரையல்ல, வாசலோரத்தில் மடிந்திருக்கும் இழுபடக்கூடிய மென்தோல். பலருக்கு இரத்தமே வராது. பார்த்துக் கன்னியா இல்லையா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது, அப்படிச் சோதிப்பதை நிறுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கேட்டுக்கொண்டன.

பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரஜன் குறைவதால் காய்ந்திருக்கும், மாதவிலக்கு நின்றபிறகும் அப்படியே. முன்னதற்கு ஜெல், பின்னதற்கு வைத்தியர் எழுதித்தரும் ஈஸ்ட்ரஜன் கிறீம் நன்றாக வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவொக்ஸெற்றின், செர்ட்ரலின் போன்ற குளிசைகள் உச்சத்தைத் தாமதிக்கும் அல்லது நிறுத்தும். நீங்களாக விடவேண்டாம், வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். கட்டாரிலிருந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு நாற்பது நாள் லீவில் வரும் கணவருக்கும் ஒரு வார்த்தை: அவவுடைய உடம்பும் இரண்டு வருடம் தனியாக இருந்தது. முதல் கிழமை பேச்சும் தொடுகையும் போதும்.

அம்பாறைக் கரையோரத்தில் வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்குக் குழந்தையாக இருந்தபோது ஒஸ்தா மாமியைக்கொண்டு கத்னா, அதாவது பெண் விருத்தசேதனம், செய்திருப்பார்கள். எல்லாக் குடும்பத்திலும் இல்லை, செய்யப்படுவதும் ஒரேபோல இல்லை. சிலருக்கு ஒரு குத்து, சிலருக்குத் தோல் மூடியில் அல்லது மொட்டில் ஒரு பகுதி. மருத்துவத் தேவை எதுவும் அதற்குக் கிடையாது. வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது. ஏற்கெனவே நடந்தவர்கள் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம், உள்ளே கால்களும் குமிழ்களும் இருக்கின்றன, உணர்வும் உச்சமும் சாத்தியம். தழும்பில் நோ இருந்தால் வி.ஓ.ஜி.யிடம், அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் வைத்திய நிபுணரிடம், காட்டுங்கள். உங்கள் மகளுக்குச் செய்விக்காதீர்கள்.

தங்கச்சி, உங்கள் பகுதி மிட்வைஃப் உங்களைத் தகுதியான குடும்பமாகப் பதிந்திருப்பா, அவவிடம் முதலில் சொல்லுங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகக் கிளினிக் வழியாகவோ, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் வி.ஓ.ஜி. கிளினிக்குக்கோ போகலாம். வெட்கத்தில் "வயிற்றுவலி" என்று சொல்லிவிட்டால் வயிற்றுவலிக்குத்தான் மருந்து கிடைக்கும். ஆகவே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள்: "உடலுறவின்போது நோவும் எரிவும். எட்டு மாதம். வாசலிலா, ஆழத்திலா. ஒவ்வொரு முறையுமா, இடைக்கிடையா. பாவிக்கும் மருந்து, குடும்பக் கட்டுப்பாட்டு முறை." பரிசோதிக்கும்போது தாதியொருவர் பக்கத்தில் நிற்கக் கேளுங்கள், நொந்தால் "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முதல்நாள் இந்தப் பதிலை அவர் கையில் கொடுத்து, முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.